கல்மட்டி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே நான் செய்ததாக வரும் காரியங்களில் பாதி கோபத்தில் செய்தவை.

திருச்சியில் ஒரு கல்லூரியில் நிலவியல் பாடம் எடுக்கிறேன். சொந்த ஊர் திருவாரூருக்கும் கூத்தாநல்லூருக்கும் நடுவே உள்ள கீழமாங்கொல்லை. அங்கே காலனியில், முதல் வரிசையில் மூன்றாவது வீடு எங்களுடையது. எழுபத்தேழில் அரசாங்கம் கட்ட ஆரம்பித்த இருபத்துநாலு தொகுப்பு வீடுகளில் ஒன்று. எழுபத்தெட்டுப் பொங்கலன்று மந்திரி வந்து சாவி கொடுத்தார். அந்தத் தேதியைக் கல்லில் வெட்டிக் காலனி முகப்பில் நட்டு வைத்திருக்கிறார்கள். வீடுகள் அடுத்த மழைக்கே ஒழுக ஆரம்பித்துவிட்டன, கல்வெட்டு மட்டும் இன்றுவரை பழுதில்லாமல் நிற்கிறது.

எங்கள் வீட்டுச் சுவரில் பூச்சு உதிரும்போதெல்லாம் உள்ளேயிருந்து வளைந்த மட்டி ஓடுகள் தலைகாட்டும். கையில் எடுத்தால் ஓடு இல்லை, கல். கனக்கும், ஓரமெல்லாம் தேய்ந்து மழுங்கி இருக்கும். காலனிப் பிள்ளைகள் அதற்குக் கல்மட்டி என்று பெயர் வைத்திருந்தோம். இருபத்துநாலு வீட்டுச் சுவரிலும் அது உண்டு. கடல் இருபது மைலுக்கு அந்தப் பக்கம் இருக்க, எங்கள் சுவருக்குள் மட்டி எப்படி வந்தது, வந்ததும் ஏன் கல்லாகிவிட்டது என்று வாத்தியார்களைக் கேட்டு நச்சரித்து, பதில் கிடைக்காத ஆத்திரத்தில்தான் நான் இந்தப் படிப்புக்கே போனேன்.

பதில் இதுதான். அரியலூர்ப் பக்கம் ஏழு கோடி வருஷத்துக்கு முன்னால் கடல் இருந்தது. அதில் கிடந்த மட்டிகள் பாறைக்குள் கல்லாய்ப் போயின. அந்தப் பாறையை ஓடைகள் அரித்து, மட்டிகளை உருட்டிக் கொண்டுவந்து கொள்ளிடத்து மணலில் போட்டன. மூத்த படிவிலிருந்து பிடுங்கப்பட்டு இளைய படிவில் போய்ப் படுத்துக்கொண்ட இப்படிப்பட்ட பொருளை மறுபடிவு என்போம். காலனி கட்டிய காண்ட்ராக்டர், அந்த ஓடைகள் கொள்ளிடத்தில் விழுகிற இடத்துக்குக் கீழே லாரி வைத்து மணல் அள்ளியிருக்கிறார். சலித்துச் சலித்துக் கொத்தனார்களுக்குக் கை ஓய்ந்துவிட்டதாம். பூசிய சுவரிலிருந்து மட்டி தெறித்து விழுந்ததாம். அதற்குப் பிறகு எங்கள் வட்டாரத்துக்கு அந்த மணலை யாரும் கொண்டுவரவில்லை. எங்கள் வெட்டாற்றில் கிடப்பது மாவு மாதிரி வண்டல். அதில் கல்மட்டியை விளக்கு வைத்துத் தேடினாலும் கிடைக்காது.

இனி என் பெரியப்பா மருதையனைப் பற்றி.

அப்பா ரெத்தினத்துக்கு ஒரே அண்ணன். எங்கள் தெருவிலேயே குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏறிய முதல் ஆள். நிலம் நாலு மா, ஒன்றேகால் ஏக்கர் சொச்சம். நிலத்துக்காரர் பஞ்சநதம். உச்சவரம்புச் சட்டம் வந்தபோது பிறக்காத பேரன் பெயரில்கூட நிலம் எழுதி வைத்திருந்த மனிதர். ஆட்சி மாற மாற அவர் தோள் துண்டின் கரையும் தவறாமல் மாறும். பதிவேட்டில் பெரியப்பா பெயர் ஏறியதை அவர் கடைசிவரை செரித்துக்கொள்ளவில்லை.

பெரியப்பா விவசாயத் தொழிலாளர் சங்கத்துக் கிளைச் செயலாளர். கூலிப் போராட்டத்தில் போலீஸ் தடியடி பட்டு அவருடைய இடது முன்கை முறிந்து, கோணலாகக் கூடியது. எழுபத்தேழு ஆடியில் தெருவைக் கூட்டி ஒரு தீர்மானம் போட்டார். இனிமேல் எங்கள் தெரு ஆள் எவனும் பண்ணையில் செத்த மாட்டைத் தூக்கக் கூடாது, புதைக்கக் கூடாது. பண்ணை வீட்டில் மாடு செத்தால் பண்ணைக்காரனே தூக்கிக்கொள்ளட்டும். மீறுபவனோடு தெருவில் யாரும் அன்னந்தண்ணி புழங்கக் கூடாது. எல்லாரும் கை தூக்கினார்கள். முதலில் கை தூக்கியது அப்பா.

அந்த வருஷம் தீபாவளி கழிந்த கையோடு பெரிய புயல் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் பெரியப்பா சங்கக் கூட்டத்துக்காக நாகப்பட்டினம் போயிருந்தார். திரும்பி வரவில்லை. நாகப்பட்டினத்தில் பிணங்களைக் குவியல் குவியலாக எரித்த நாட்கள் அவை. புயல் கொண்டுபோய்விட்டது என்று முடிவுகட்டி, பதினாறாம் நாள் பெரியம்மா அம்சத்தின் தாலியைக் கழற்றினார்கள். அவருக்கு அப்போது இருபத்தேழு வயது, பிள்ளை இல்லை.

தை இருபதாம் தேதியிட்டு ஒரு ராஜினாமாக் கடிதத்தைப் பஞ்சநதம் தாசில் ஆபீசில் நீட்டினார். ‘பிழைப்புக்காகப் பினாங்கு போகிறேன், நாலு மா சாகுபடி உரிமையை மனமுவந்து விட்டுவிடுகிறேன்’ என்று எழுதி, கீழே மருதையன் கைநாட்டு. அன்றைக்கு நேரில் வந்து வைத்துவிட்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறிவிட்டான் என்றார் பஞ்சநதம். ரேகையை ஒத்துப் பார்த்த சர்க்கார் நிபுணர், அது மருதையன் ரேகைதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஊர் நம்பியது. அறுப்புக் கூலிக்காக நின்ற சங்கம், தலைவனே கம்பி நீட்டிவிட்டான் என்றதும் பொலபொலவென்று உதிர்ந்துபோய், பழைய கூலிக்கே களத்தில் இறங்கியது. பெரியப்பாவுக்குக் கப்பலேறி என்று பெயர் விழுந்தது. புருஷன் உயிரோடு இருக்கும்போது மொட்டைக் கழுத்தோடு நிற்கக் கூடாது என்று தெருப் பெண்கள் பெரியம்மாவுக்கு மறுபடி தாலியைக் கட்டிவிட்டார்கள். இரண்டு மாதம் விதவை, அப்புறம் இருபத்துமூன்று வருஷம் சுமங்கலி. குழாயடியில் ‘கப்பலேறி பொண்டாட்டி’ என்று கூப்பிட்டால், குடத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். அண்ணனை வாய்க்கு வந்தபடி ஏசியவர்களில் முதல் ஆள் என் அப்பா. “கூடப் பொறந்தவன்னு சொல்லிக்கவே நாக் கூசுது” என்பார். சோற்றில் கை வைத்துக்கொண்டே ஏசுவார்.

பெரியம்மா மட்டும் நம்பவில்லை. “அவுக கப்பலப் பாத்தாலே வாந்தி எடுப்பாக, அவுகளாவது கப்பல் ஏறுறதாவது” என்று ஒரே வார்த்தையில் நின்றார். குத்தகை வழக்குப் போட்டார். தள்ளுபடி, மேல்முறையீடு, மறுவிசாரணை என்று கட்டு பெருத்ததே தவிர நிலம் வரவில்லை. அந்த ஒன்றேகால் ஏக்கரும், ஓடிப்போகாத ஒருவருடைய மனைவி என்ற பெயரும்தான் அவர் கேட்டது.

இரண்டாயிரத்து ஒன்று ஆனி மாதம். பஞ்சநதம் செத்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அவர் மகன் துரைராசு, பண்ணைத் தென்னந்தோப்பைக் கூத்தாநல்லூர் யூனுஸ் என்பவருக்கு விற்றுவிட்டார். யூனுஸ் துபாயில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது தோப்பு மூலையில் ஒரு பழைய உறைகிணறு அகப்பட்டது. உள்ளே மணல், மணலுக்கு அடியில் மனித எலும்பு. அப்படியே மூடிக் கான்கிரீட் போட்டுவிடலாம் என்று நாலு பேர் யோசனை சொன்னார்களாம். “மையத்து மேல வீட்டக் கட்டிட்டு நான் எப்புடிங்க அதுல கண்ண மூடுறது?” என்று யூனுஸ் நேரே போலீசுக்குப் போய்விட்டார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

தகவல் தெரிந்து நான் போனபோது எலும்புகளைத் துணியில் பரப்பியிருந்தார்கள். மண்டை பின்பக்கம் பிளந்திருந்தது. இடது முன்கை எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. பெரியம்மா அந்த எலும்பை மட்டும் கையில் எடுத்து, விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார். அழவில்லை. நான்தான் அழுதேன்.

அழுதுகொண்டே கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். எலும்பு கிடந்த இடத்துக்கு மேலே ஐந்தடி உயரத்துக்குப் பருமணல், நடுநடுவே கல்மட்டி. பள்ளத்தில் இறங்கிக் கையால் அள்ளினேன். எங்கள் வீட்டுச் சுவர் மணலேதான். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. காலனி வேலை மார்கழியிலேயே முடிந்துவிட்டது. மணல் மேடு அதற்குள் தீர்ந்துபோனது. அந்த மணல் பெரியப்பா மேல் கொட்டப்பட்டிருக்கிறது என்றால், தை மாதம் கைநாட்டு வைக்க அவர் உயிரோடு இல்லை. ரேகை அவருடையதுதான். அதை எந்த நிலையில் எடுத்தார்கள் என்பதை இன்றுவரை என்னால் யோசிக்க முடியவில்லை.

பெரியம்மாவின் வக்கீல் அப்துல் அஜீஸ் என்னையே சாட்சியாக்கினார். குத்தகை வழக்கு விசாரிக்கும் அதிகாரி முன்னால், ஒரு கையில் சுவர் மட்டியும் மறு கையில் கிணற்று மட்டியும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். பிறகு துரைராசுவின் வக்கீல் எழுந்தார்.

“மேடம், இந்த மட்டிக்கு என்ன வயசு?”

“ஏழு கோடி வருஷம்.”

“அப்ப மருதையனும் ஏழு கோடி வருஷத்துக்கு முந்தியே காலமாயிட்டாருன்னு எழுதிக்கலாமா?”

எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரிகூடச் சிரித்தார். எனக்கு உச்சி மண்டை கொதித்தது.

“மட்டி பழசு. அது வேற எடத்துலேந்து வந்து இந்த மணல்ல சேந்தது. மணல் காலனிக்கு வந்தது எழுபத்தேழுல. அதத்தான் நான் சொல்றேன்.”

“சரிங்க. அரியலூர்ப் பாறையிலேந்து கொள்ளிடம், கொள்ளிடத்துலேந்து காலனி, காலனியிலேந்து கெணறு. இத்தன எடம் மாறுன பொருள், நடுவுல இன்னொரு எடத்துலயும் தங்கியிருக்கலாம் இல்லியா? எவனோ மிச்ச மணல ரெண்டு வண்டி அள்ளிக் கொல்லையில குவிச்சு வச்சிருந்து, எண்பதுலயோ எண்பத்தஞ்சுலயோ கெணத்துல கொட்டியிருக்கலாம். மருதையன் பினாங்குலேந்து திரும்பி வந்து, யாருக்கும் தெரியாம அந்தக் கெணத்துல தவறி விழுந்திருக்கலாம். கொட்டுன தேதிய இந்த மட்டி சொல்லுமா?”

நான் என் மாணவர்களுக்கு வருஷா வருஷம் நடத்துகிற பாடம் அது. மறுபடிவுப் பொருள், தான் எங்கிருந்து வந்தது என்று சொல்லும். கடைசியாக எப்போது நகர்ந்தது என்று சொல்லாது. தெரியாது என்று எழுதுகிற மாணவனுக்கு மதிப்பெண் கொடுப்பேன், கற்பனையாக எழுதுகிறவனுக்கு முட்டை போடுவேன்.

“சொல்லாது” என்றேன்.

பெரியம்மா பெஞ்சில் இருந்து என்னைப் பார்த்தார். என்னைக் கெட்டிக்காரி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

அதிகாரி நல்லவர். “மணலைக் கொட்டின ஆளோ, கொட்டினதைப் பார்த்த ஆளோ இருந்தா அடுத்த வாய்தாவுக்குக் கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா இதுக்கு மேல எனக்கு வழி இல்ல” என்றார். ஒரு மாதம் தவணை.

பேருந்தில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. காலனி மணல் மேட்டுக்குக் காவல் இருந்தது யார்? என் அப்பா. காண்ட்ராக்டர் அவரைத்தான் காவலுக்கு வைத்திருந்தார். மேட்டிலிருந்து யார் அள்ளினாலும் அவருக்குத் தெரியாமல் நடந்திருக்காது. எலும்பு கிடைத்த நாளிலிருந்து அவர் அரை வயிறுதான் சாப்பிடுகிறார், அண்ணனை ஏசுவதும் நின்றுவிட்டது. துக்கம் என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மத்தியானச் சோறு அப்படியே மூடிக் கிடந்தது. அம்மா செத்து நாலு வருஷம் ஆகிறது, அவரே பொங்கித் தின்கிறவர். பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டேன்.

“மணல யாருப்பா அள்ளுனது?”

“எந்த மணல?”

“எந்த மணலன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“சர்க்கார் மணலு. ஆயிரம் பேரு அள்ளுவான். எனக்கென்ன தெரியும்?”

“காவலுக்கு இருந்தவருக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? இன்னும் அந்தப் பண்ணைக்குப் பயமா? அந்தாளு செத்துப் பத்து வருஷம் ஆச்சுப்பா! சொந்த அண்ணன்! ஊரே ஏசுறப்ப நீங்களும் சேந்து ஏசுனீங்க. இப்ப வாயத் தொறக்க மாட்டீங்களா? பெரியம்மா அந்தப் பெஞ்சில உக்காந்திருக்கறதப் பாத்தா ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலயா?”

இதற்கு மேலும் பேசினேன். பெற்ற தகப்பனிடம் பேசக் கூடாத பேச்சு. இங்கே எழுத மாட்டேன்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூச்சு உதிர்ந்த இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு மட்டியை விரலால் நெம்பிக்கொண்டே இருந்தார். அது வெளியே வரவில்லை.

“நாந்தான் கொட்டுனேன்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னார்.

“நாந்தாம்மா கொட்டுனேன். நாலு வண்டி.”

புயல் அடித்து ஏழாம் நாள் காலை. தெருவில் ஒரு கூரை மிச்சமில்லை. எனக்கு ஆறு வயது, அனலாய்க் காய்ச்சல். மூன்று நாளாகத் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் வயிற்றுக்குள் போகவில்லை. அப்பா பண்ணை வாசலுக்கு நெல் கேட்டுப் போயிருக்கிறார். பஞ்சநதம் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாராம். தோப்புக் கிணற்றில் மாடு விழுந்து செத்துக் கிடக்கிறது, நாற்றம் தாங்கவில்லை, மூடிவிட்டு வா, நெல் தருகிறேன் என்றாராம். ஊர் முழுக்கச் சேறும் தண்ணீரும். அள்ளுவதற்குக் காய்ந்த மண் என்று இருந்தது காலனி மணல் மேடு ஒன்றுதான். பண்ணை வண்டியையே பூட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

“தீர்மானம் போட்டு நாலு மாசம் ஆவல. செத்த மாட்டத் தொடக் கூடாதுன்னு அண்ணன் முன்னாடி மொதக் கை தூக்குனவன் நானு. யாராச்சும் பாத்துருவாங்களோன்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வண்டிய ஓட்டுனேன். கெணத்து வாயில தென்ன மட்டையும் வக்கலுமாப் போட்டு மறச்சிருந்துச்சு. நாத்தம் கொடலப் புடுங்குது. மூஞ்சத் திருப்பிக்கிட்டு மம்முட்டியால தள்ளித் தள்ளி விட்டேன். முடிச்சிட்டு ரெண்டு மரக்கா நெல்ல வாங்கிக்கிட்டு ஓடியாந்துட்டேன்.”

அந்த நெல்லைக் குத்திக் காய்ச்சிய கஞ்சியைக் குடித்துத்தான் நான் பிழைத்தேன். அதை அவர் சொல்லவில்லை, நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

பெரியப்பா நாகப்பட்டினத்திலிருந்து எப்போது திரும்பினார், ஏன் வீட்டுக்கு வராமல் முதலில் பண்ணைக்குப் போனார் என்பது எங்களுக்குத் தெரியாது. தெருவே பட்டினி கிடப்பதை வழியில் கேள்விப்பட்டு, பத்தாயத்தைத் திறக்கச் சொல்லப் போயிருப்பார் என்று பெரியம்மா சொல்கிறார். அப்படித்தான் இருக்கும். அவர் அப்படிப்பட்ட ஆள்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். “செவ்வந்தி, இத அண்ணிகிட்ட மட்டும் சொல்லிடாத. நான் செத்ததுக்கப்புறம் சொல்லிக்க” என்றார்.

அப்படியே விட்டிருக்கலாம். எனக்கும் மனது இளகியது. ஆனால் அவர் சாட்சி சொன்னால்தான் பெரியம்மாவுக்கு நிலம், பெரியப்பாவுக்குப் பெயர். சொல்லாவிட்டால் இரண்டும் போச்சு.

“நீங்க செத்ததுக்கப்புறம் நான் சொன்னா அது சாட்சி ஆவாதுப்பா” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்த ஒரு மாதமும் அதையே வேறு வேறு விதமாகச் சொன்னேன். விடவே இல்லை.

வாய்தா அன்று அவரே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பேருந்தில் எனக்கு முன்னால் ஏறினார். பெரியம்மாவிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மணல் கொட்டியதைப் பார்த்த ஒரு ஆள் கிடைத்திருக்கிறார் என்று மட்டும் வக்கீலை விட்டுச் சொல்லச் சொன்னேன். அதற்கும் எனக்குத்தான் தைரியம் இல்லை. அப்பா கூண்டில் ஏறியதும் பெரியம்மா முகம் மலர்ந்தது. கொழுந்தன் கடைசியில் நம் பக்கம் வந்துவிட்டான் என்று நினைத்திருப்பார்.

அப்பா எல்லாவற்றையும் சொன்னார். மாடு, மணல், நாலு வண்டி, ரெண்டு மரக்கால் நெல், ஏழாம் நாள். குரல் பிசிறவில்லை. துரைராசுவின் வக்கீல் எழுந்து, “உள்ள மாடு கெடக்குன்னு நம்பித்தான கொட்டுனீங்க? அண்ணன் இருக்காருன்னு ஒங்களுக்குத் தெரியாதுல்ல? அப்ப அது மாடாவே இருந்திருக்கலாம், அண்ணன் பின்னாடி விழுந்திருக்கலாம்” என்றார்.

“கெணத்துல மாட்டெலும்பு இல்லீங்களே” என்றார் அப்பா. பிறகு யாரும் கேட்காமலேயே, “மாடுன்னுதாங்க நம்புனேன். ரெண்டு நாள் நம்புனேன்” என்றார்.

“அப்புறம்?” என்று கேட்டது அதிகாரி.

“மூணாம் நாள் பண்ணைக் கொட்டாயில சாணி அள்ளக் கூப்புட்டாங்க. அந்தப் பண்ணையில சின்னப் புள்ளயிலேந்து மாடு மேச்சவன் நான். ஒவ்வொண்ணயும் பேரு சொல்லிக் கூப்புடுவேன். எண்ணிப் பாத்தேங்க. பதினாலு மாடும் நின்னுச்சு.”

இதை அவர் என்னிடம் சொல்லவில்லை.

“அப்பவே ஏன் யார்கிட்டயும் சொல்லல?” என்றார் அதிகாரி.

“சொன்னா, செத்த மாட்டப் பொதைக்கப் போனேன்னு ஒத்துக்கணும். அண்ணன் வந்துரும், வந்ததும் மனசு சமாதானம் ஆயிரும்னு இருந்தேன். தையில கடுதாசி வந்துச்சு. அண்ணன் உசிரோட கப்பலேறிருச்சுன்னாங்க. அத நம்புனா எனக்கும் நல்லதுங்க. நம்பிக்கிட்டேன். ஏச ஏச நல்லா நம்ப முடிஞ்சுச்சு.”

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா தலையைத் தூக்கிப் பார்த்தார். பெரியம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, எழுந்து, வெளியே போய் வேப்ப மரத்தடியில் நின்றார். திரும்பும்போது அவர் வேறு பேருந்தில் வந்தார்.

உத்தரவு கார்த்திகையில் வந்தது. ராஜினாமாக் கடிதம் செல்லாது, சாகுபடி உரிமை அம்சத்துக்கு. ஊரில் வெடி போட்டார்கள். கப்பலேறி என்று கூப்பிட்ட அதே வாய்கள் தியாகி மருதையன் என்று தட்டி வைத்தன. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போலீஸ் வழக்கில், கொன்றவர் செத்துப்போனதால், உயிரோடு எழுதக் கிடைத்த ஒரே பெயர் அப்பாவுடையது. பிணத்தை மறைத்தார் என்று பிரிவு போட்டார்கள். ஜாமீனில் வெளியே வந்து, வாரா வாரம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தெருவில் யாரும் அவரைக் கூப்பிட்டுப் பேசுவதில்லை. எழுபத்தேழில் போட்ட தீர்மானம் இப்போதுதான் அமலுக்கு வந்தது.

மார்கழி பிறக்குமுன் எலும்புகளை ஒரு சின்னப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். சுடுகாட்டில் குழி வெட்டினோம். பிள்ளை இல்லாதவருக்குத் தம்பிதான் கொள்ளிக்காரன். பெட்டியைக் குழியில் இறக்கியதும் முதல் மூன்று கை மண் அவர்தான் தள்ள வேண்டும், அப்புறம்தான் மற்றவர்கள். பெண்கள் சுடுகாட்டுக்கு வருவது எங்கள் தெருவில் வழக்கம் இல்லை. பெரியம்மா வந்தார். தாலி இல்லாத கழுத்தோடு வந்தார். யாரும் தடுக்கவில்லை. அவர் வந்ததால் நானும் போனேன்.

அப்பா மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாய்க் குழி ஓரத்தில் நின்றார். குனிந்து மண்ணை அள்ளினார். முகம் தானாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. கையை நீட்டினார், மண் குழிக்கு வெளியிலேயே சிந்தியது. மறுபடி அள்ளினார்.

நீதிமன்றத்தை விட்டு வெளியே போன நாளிலிருந்து அவரிடம் ஒரு வார்த்தை பேசாத பெரியம்மா, பக்கத்தில் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மண்ணை உதிர்த்துவிட்டார்.

“வேணாம் தம்பி. ஒன் பங்கு மண்ண நீ அன்னைக்கே போட்டுட்ட” என்றார். “இன்னைக்குக் குனிஞ்சு பாரு. அது போதும்.”

அப்பா குனிந்து பார்த்தார்.